தரம் கேட்கும் முன் கோணம் கேளுங்கள்

வீட்டின் பின்கட்டிலோ கல்லூரிப் பணிமனையிலோ சொந்தமாக ஒரு சிறு சிஎன்சி இயந்திரம் கட்டிக்கொள்வது இன்று எட்டாத காரியமல்ல. அலுமினியச் சட்டம், ஸ்டெப்பர் மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை, பால் ஸ்க்ரூ எல்லாமே கூரியரில் வீடு தேடி வருகின்றன. வாங்குபவர் அதிகம் யோசிப்பது பால் ஸ்க்ரூவைப் பற்றித்தான். சி7 தரம் போதுமா, கூடுதல் காசு கொடுத்து சி5 வாங்கலாமா என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார். அந்த ஸ்க்ரூவின் இரு முனைகளையும் தாங்கும் பேரிங் கட்டைகளோ, ‘செட்டோடு வரும்’ என்ற கணக்கில் ஒரு கேள்வியும் இல்லாமல் வந்து சேர்ந்துவிடுகின்றன. இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். பொழுதுபோக்கு இயந்திரத்தின் துல்லியத்தில் ஸ்க்ரூவின் தரத்தைவிட மோட்டார் பக்கத்து பேரிங்குக்கே பங்கு அதிகம். அந்த பேரிங்கிலும் முதலில் பார்க்க வேண்டியவை அதன் தொடுகோணமும் அது ஜோடி சேர்க்கப்பட்ட விதமும்தான். பெட்டியில் அச்சிட்ட ‘பி4’, ‘பி5’ முத்திரையெல்லாம் அதற்குப் பிறகு.

பால் ஸ்க்ரூ என்பது நட்டுக்குள் எஃகுக் குண்டுகள் சுற்றிச் சுற்றி ஓடும் நீண்ட திருகு. சிறு இயந்திரங்களில் பரவலாக இருப்பது 16 மி.மீ. விட்டமும் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வும் கொண்ட 1605. இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. ஸ்க்ரூ சுழலலாம், முன்னும் பின்னும் நகரக் கூடாது. நகராமல் பிடித்து நிறுத்துவது மோட்டார் பக்கத்துக் கட்டைக்குள் இருக்கும் பேரிங். சி7 ஸ்க்ரூவில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிசகலாம், சி5-இல் ஏறத்தாழ 0.02. ஆக, தரத்தை உயர்த்தி மிச்சம் பிடிப்பது 0.03 மி.மீ. இப்போது முனையில் சாதாரண டீப் குரூவ் பேரிங் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 மி.மீ. துளையுள்ள 6001-இல், குண்டுகளுக்கும் ஓடுபாதைக்கும் இடையே ஆரத்திசையில் 3 முதல் 18 மைக்ரான் வரை இடைவெளி விட்டுத்தான் தயாரிக்கிறார்கள். அது குறையல்ல; தண்டில் இறுக்கிப் பொருத்தவும் சூட்டில் விரியவும் அந்த இடம் வேண்டும். ஆனால் ஓடுபாதை வளைந்த பள்ளம் என்பதால், அந்தச் சிறு இடைவெளி அச்சுத்திசையில் பல மடங்காகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 0.05 மி.மீ. முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் வரும். ஸ்க்ரூவில் பிடித்த மிச்சம் முனையில் வட்டியோடு போய்விடுகிறது.

இரண்டு பிழைகளும் ஒரே இனமும் அல்ல. ஸ்க்ரூவின் பிசகு மெல்ல மெல்லக் கூடுவது. இன்று அளந்தாலும் நாளை அளந்தாலும் அதே இடத்தில் அதே அளவுதான் இருக்கும். வேண்டுமானால் அளந்து அட்டவணையாக்கி மென்பொருளுக்குக் கொடுத்துவிடலாம். பேரிங்கின் ஆட்டம் அப்படிப்பட்டதல்ல. மேசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது சட்டென்று குதிக்கும். ஒரு வட்டத்தைக் குடையச் சொன்னால், இரு அச்சுகளும் திரும்பும் நான்கு இடங்களிலும் சிறு படி விழும். அந்தத் துளையில் எதையாவது இறுக்கிப் பொருத்தப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சந்தையில் இந்த ஆட்டத்தை எளிதாக மறைக்க முடிவதற்குக் காரணம் பேரிங் அளவுகளின் ஒரு தற்செயல். 1605 ஸ்க்ரூவுக்கான நிலைமுனைக் கட்டைக்கு பிகே12 என்று பெயர். ஜப்பானின் டிஹெச்கே நிறுவனத்தின் பட்டியலில் அதற்குள் இருப்பது பி5 தரத்தில், ப்ரீலோடு (முன்கூட்டிய அழுத்தம்) கொடுத்து, முகத்தோடு முகம் சேர்த்த ஒரு ஜோடி 7001 ஆங்குலர் கான்டாக்ட் பேரிங். 7001-இன் அளவு 12 மி.மீ. துளை, 28 மி.மீ. வெளிவிட்டம், 8 மி.மீ. அகலம். விலை மலிவான 6001 டீப் குரூவ் பேரிங்கின் அளவும் அச்சு அசலாக அதுவே. கட்டையின் வார்ப்பையோ துளையையோ மாற்றாமல் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டு மூடிவிடலாம். வெளியே ‘பிகே12’ என்ற பெயர் மாறாது. மலிவுக் கட்டைகள் சிலவற்றைத் திறந்தால் 6001 எட்டிப் பார்ப்பது இப்படித்தான். வேறு சிலவற்றில் 7001 இருக்கும். ஆனால் ஜோடியாக அரைக்கப்படாத, தனித்தனியான இரண்டு பேரிங்குகளாக இருக்கும். இன்னொரு கோளாறும் உண்டு. முகத்தோடு முகம் சேர்த்த ஜோடியில் ப்ரீலோடு பிறப்பது முகப்புத் தட்டு வெளிவளையங்களை அழுத்தும்போதுதான். தட்டு பேரிங்கைத் தொடும் முன்பே கட்டையில் முட்டி நின்றுவிட்டால், உள்ளே எவ்வளவு நல்ல பேரிங் இருந்தாலும் பயனில்லை. மெல்லிய தகட்டு வளையம் ஒன்றை இடையில் வைத்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை இது. இதற்கு வைத்தியமாக ஸ்க்ரூவையே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கோணம் ஏன் முக்கியம்? ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்கில் குண்டு ஓடுபாதையைத் தொடும் கோடு சாய்வாக இருக்கும். அந்தச் சாய்வே தொடுகோணம். 15, 25, 30, 40 பாகை எனப் பல வகைகள் கிடைக்கின்றன. பால் ஸ்க்ரூவுக்கென்றே செய்யப்படுபவற்றில் அது 60 பாகை. அச்சுத்திசையில் 100 நியூட்டன் விசையைத் தாங்க, 15 பாகை பேரிங்கின் தொடுபுள்ளிகள் மொத்தமாக 386 நியூட்டனைச் சுமக்க வேண்டும். 40 பாகையில் அது 156 நியூட்டன். 60 பாகையில் 115. சுமை கூடக் கூடத் தொடுபுள்ளிகள் நசுங்குவதும் கூடும், மேசையும் அந்த அளவுக்குப் பின்வாங்கும். இந்த இடத்தில்தான் ‘தரம்’ என்ற சொல் ஆளை ஏமாற்றுகிறது. இணையக் கடைகளில் ‘பி4’ என்று பொறித்து விற்கப்படும் 7001-கள் பெரும்பாலும் 15 பாகை வகை. அதிவேகத்தில் சுற்றும் ஸ்பிண்டிலுக்காகவே அவற்றைச் செய்கிறார்கள். அங்கே வேகமும் சூடேறாமல் இருப்பதுமே கவலை. பி4 என்பது வளையங்களின் அளவும் சுழற்சியும் எவ்வளவு நேர்த்தியானவை என்பதற்கான சான்று மட்டுமே. அச்சுத்திசையில் எவ்வளவு விறைப்பு என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. நிமிடத்துக்கு ஓரிரு ஆயிரம் சுற்றுக்குள் முடிந்துபோகும் ஸ்க்ரூவுக்கு, சாதாரணத் தரத்து 40 பாகை 7201 அதைவிட நல்ல துணை. வெளிவிட்டம் 32 மி.மீ. என்பதால் பிகே12 கட்டைக்குள் அது நுழையாது. தனிக் கட்டை கடைந்துகொள்ள வேண்டும். லேத் வசதி உள்ளவருக்கு அது ஒரு நாள் வேலை. ஆயத்தக் கட்டைதான் வேண்டும் என்பவர் 25 அல்லது 30 பாகை 7001 ஜோடியைக் கேட்டு வாங்கலாம்.

தனி ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஒரு பக்கத் தள்ளலை மட்டுமே தாங்கும். ஆகவே இரண்டு வேண்டும். அவை ஒன்றையொன்று எதிர்த்து அழுத்திக்கொண்டிருக்கவும் வேண்டும். சைக்கிள் சக்கரத்தின் கோன் இதே ஏற்பாடுதான். கோனைத் தளர்வாக விட்டால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும், அளவுக்கு மீறி இறுக்கினால் குண்டு கரகரக்கும்; கடைக்காரர் விரலால் உணர்ந்து நிறுத்தும் அந்த நடுநிலைக்கு இயந்திரவியலில் ப்ரீலோடு என்று பெயர். 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் காட்டியபடி, வளைந்த இரு பரப்புகள் தொடும்போது முதல் சில மைக்ரான் எளிதாக நசுங்கிவிடும், பிறகு விறைப்பு ஏறும். அந்த இளகிய தொடக்கத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுவது ப்ரீலோடின் வேலை. அவருடைய சூத்திரத்திலிருந்து கைக்கு அடக்கமான ஒரு விதியும் கிடைக்கிறது. ஜோடியின் ப்ரீலோடைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு விசை வரும்வரை இரு பேரிங்குகளும் தொடர்பு விடாமல் இருக்கும். அலுமினியம் வெட்டும்போது 300 நியூட்டன் வரை வரலாம் என்று எடுத்துக்கொண்டால், 110 நியூட்டன் அளவுக்கு ப்ரீலோடு போதும். லேசான ப்ரீலோடு என்றே அதைச் சொல்லலாம். அதற்கு மேல் இறுக்குவது மோட்டாருக்குச் சுமை, பேரிங்குக்கு ஆயுள் குறைவு.

வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் படிக்காமல் விடுவது இங்கேதான் கையைக் கடிக்கும். எஸ்கேஎஃப் நிறுவனத்தின் 7201-இலேயே ஜோடி சேர்க்கத் தகுதியில்லாத வகை உண்டு. ஜோடி சேர்க்கலாம், ஆனால் சேர்த்த பின்னும் சிறு இடைவெளி இருக்கும் என்பதைக் குறிக்கும் ‘சிபி’ உண்டு. லேசான ப்ரீலோடு வரும்படி அரைத்த ‘ஜிஏ’யும் உண்டு. எஃப்ஏஜி நிறுவனம் இதையே யுஏ, யுஓ, யுஎல் என்று முறையே இடைவெளி, பூஜ்யம், லேசான ப்ரீலோடு எனப் பிரிக்கிறது. பம்புக்கும் கம்ப்ரசருக்கும் ‘சிபி’ சரியான தேர்வு என்பதால் கடையில் சட்டென்று கிடைப்பதும் அதுவே. உண்மையான பிராண்டு, உண்மையான ஜோடி, முழு விலை எல்லாம் கொடுத்தும் ஸ்க்ரூ ஆடுவதற்கு அந்த இரண்டு எழுத்து போதும். போலி பேரிங் பற்றிய அச்சமும் நியாயமானதே. பெரிய நிறுவனங்கள் பெட்டியிலுள்ள குறியீட்டைக் கைப்பேசியில் சரிபார்க்கச் செயலிகளே வெளியிட்டிருக்கின்றன. ஆனாலும் தவறான எழுத்துள்ள அசலை வாங்கி ஏமாறுவோரை எந்தச் செயலியும் காப்பாற்றாது.

இதற்கெல்லாம் மென்பொருளில் மருந்து இருக்கிறதே என்பது முதல் ஆட்சேபம். மாக்3, லினக்ஸ்சிஎன்சி போன்ற கட்டுப்பாட்டு நிரல்களில் பேக்லாஷ் ஈடுகட்டும் வசதி உண்டு. ஆட்டத்தின் அளவைக் கொடுத்துவிட்டால் திசை மாறும்போது அந்த அளவு கூடுதலாகச் சுற்றிக்கொள்ளும். வெறும் காற்றில் நகரும்போது இது பிரமாதமாக வேலை செய்யும். வெட்டும்போது கதை வேறு. வெட்டுக்கருவி சுழலும் திசையும் மேசை நகரும் திசையும் ஒத்துப்போகும் கிளைம்ப் மில்லிங்கில், கருவியே பொருளைத் தன் பக்கம் இழுக்கும். ஸ்க்ரூ எந்தப் பக்கச் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று மென்பொருள் நம்புகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் மேசை பாயும், ஒரு பல் அளவுக்கு மீறிக் கடிக்கும், 3 மி.மீ. எண்ட்மில்லாக இருந்தால் முறியும். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் விசை வரும் என்று நிரலுக்குத் தெரியாதவரை, அதன் ஈடுகட்டல் ஊகம் மட்டுமே.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. நான் மரத்தில்தான் செதுக்குகிறேன், எனக்கெதற்கு இதெல்லாம்? மரம் ஈரத்துக்கே இதைவிட அதிகமாகச் சுருங்கி விரியும். ஒத்துக்கொள்கிறேன். மரச்சிற்பத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் இரண்டு டீப் குரூவ் பேரிங்குகளே போதும். அவற்றையும் இடையில் ஸ்பேசர் வைத்து எதிரெதிராக இறுக்கினால் ஆட்டம் பெருமளவு போய்விடும். எனக்குள்ள தயக்கம் துல்லியத்தைப் பற்றியதல்ல, தாங்குதிறனைப் பற்றியது. 2 நியூட்டன் மீட்டர் ஸ்டெப்பர் மோட்டார், 5 மி.மீ. ஸ்க்ரூ வழியாக 2,200 நியூட்டனுக்கு மேல் தள்ளக்கூடியது. நிரலில் ஒரு எண் தவறி மேசை எல்லையில் முட்டினால் அந்த விசை முழுவதும் பேரிங்கில் இறங்கும். 6001-இன் நிலைத் தாங்குதிறன் ஆரத்திசையில் 2.36 கிலோநியூட்டன். இவ்வளவு சிறிய பேரிங்குகளில் அச்சுத்திசைச் சுமை அதில் கால்வாசியைத் தாண்டக் கூடாது என்பது எஸ்கேஎஃப் தரும் வழிகாட்டல். அதாவது சுமார் 590 நியூட்டன். ஒரே மோதலில் ஓடுபாதையில் குண்டுகளின் தடம் பதிந்துவிடலாம். மர வேலைக்காரருக்கும் மோதல் நேராமல் இருக்கப்போவதில்லை.

அப்படியானால் 60 பாகை பேரிங்கையே போட்டுவிடலாமே என்று எதிர்த்திசையிலிருந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கான பதில் ஸ்க்ரூவின் இளக்கத்தில் இருக்கிறது. 1605-இன் அடிவிட்டம் ஏறத்தாழ 13 மி.மீ. நட் முனையிலிருந்து 600 மி.மீ. தள்ளி நிற்கும்போது, 45 நியூட்டன் விசைக்கு அந்த எஃகுத் தண்டே ஒரு மைக்ரான் நீண்டுவிடும். நட்டின் விறைப்பை மைக்ரானுக்கு 150 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இவற்றோடு, லேசான ப்ரீலோடு உள்ள 15 பாகை ஜோடியை மைக்ரானுக்கு 20 நியூட்டன் என்று சேர்த்தால், 200 நியூட்டன் வெட்டுவிசைக்கு மேசை 16 மைக்ரான் பின்வாங்கும். பேரிங்கை மைக்ரானுக்கு 100 நியூட்டன் அளவுக்கு உயர்த்தினால் அது 8 மைக்ரான் ஆகிவிடும். 700 நியூட்டனுக்கே போனாலும் 6-க்குக் கீழே இறங்காது. முதல் படியில் பாதி குறைந்தது. அடுத்த படியில் ஏழு மடங்கு விறைப்பு கூட்டியும் கிடைப்பது 2 மைக்ரான். அதற்குள் பேரிங்கைத் தாங்கும் அலுமினியத் தகடு அதைவிட அதிகமாக வளைந்திருக்கும். என்எஸ்கே நிறுவனத்தின் 60 பாகை பேரிங்கில் 15 மி.மீ. துளைக்கு வெளிவிட்டம் 47 மி.மீ.; கட்டை பெரிதாகும், விலை ஏறும், தொழிற்சாலை இயந்திரத்துக்கென நிர்ணயித்த அதன் ப்ரீலோடு சிறு ஸ்டெப்பர் மோட்டாரின் பலத்தில் ஒரு பங்கைத் தின்னும். 32 மி.மீ. ஸ்க்ரூவோடு வார்ப்பிரும்பு மில்லிங் இயந்திரத்தை மாற்றியமைப்பவருக்கு அது சரி. இதற்கு நடுவே, டீப் குரூவ் பேரிங்கின் இருபக்கமும் 51101 த்ரஸ்ட் பேரிங்குகளை வைத்து இறுக்கும் பழைய முறையை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அச்சுவிசை நேர்க்குத்தாக இறங்கும் ஏற்பாடு அது. மிக அதிக வேகத்தில் மட்டுமே குண்டுகள் வழுக்கும். மெதுவாக ஓடும் இயந்திரத்துக்கு மதிப்பான தேர்வு என்றே சொல்வேன்.

எதைத் தேர்ந்தாலும் தண்டின் முனையைக் கடைந்தவர் கையில்தான் மீதி இருக்கிறது. 13 மி.மீ. அடிவிட்டமுள்ள ஸ்க்ரூவில் 12 மி.மீ.க்குக் கடைந்தால், பேரிங் சாய்ந்து நிற்க முழுவட்டமாகக் கிடைக்கும் தோள் அரை மி.மீ. அகலம்தான், அதற்கு மேலே இருப்பது புரி வெட்டிய துண்டுப் பரப்பு. பேரிங்கை நேரடியாக அதில் முட்ட வைத்தால் கோணலாகவே உட்காரும். இடையில் நேர்த்தியாக அரைத்த காலர் கட்டாயம். மறுபக்கத்து லாக் நட்டின் முகமும் புரிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சுற்றுக்கொரு முறை இறுகித் தளரும்.

மறுமுனைக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. அங்கே இருக்கும் பிஎஃப்12 கட்டையில் 6000 என்ற சாதாரண பேரிங் போதும். அதன் வேலை தண்டு சாட்டையாக வீசாமல் பிடிப்பது மட்டுமே. ஒரு மீட்டர் நீள 1605 கூட இந்த அமைப்பில் நிமிடத்துக்கு 1,900 சுற்று வரை பாதுகாப்பாக ஓடும். 300 மி.மீ. ஸ்க்ரூவென்றால் அந்தக் கட்டையையே விட்டுவிடலாம். விறைப்பு கூடும் என்று நம்பி இருபுறமும் ஆங்குலர் ஜோடி போட்டு இறுக்குவோர் வெப்பத்தை மறந்துவிடுகிறார்கள். 600 மி.மீ. ஸ்க்ரூ 5 பாகை சூடேறினால் 36 மைக்ரான் நீளும். இரு முனையும் அசையாச் சுவர் என்று கொண்டால், நீள இடமில்லாத அந்தத் தண்டு 1,600 நியூட்டனால் பேரிங்குகளை நெருக்கும். 110 நியூட்டன் ப்ரீலோடு என்று பார்த்துப் பார்த்து வைத்ததெல்லாம் அதில் காணாமல் போகும்.

கட்டை சரியா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஸ்க்ரூவின் முனையிலுள்ள மையக்குழியில் சிறிது கிரீஸ் தடவி ஓர் எஃகுக் குண்டை வைத்து, தட்டை முனையுள்ள டயல் கேஜை அதன்மேல் நிறுத்தி, ஸ்க்ரூவைக் கையால் இருபுறமும் தள்ளி இழுத்தால் போதும். சில மைக்ரானுக்குள் முள் நின்றுவிட்டால் ஜோடி நன்றாக இருக்கிறது. 50 மைக்ரானைத் தாண்டினால் கட்டையைத் திறந்து, உள்ளே இருக்கும் எண் 6-இல் தொடங்குகிறதா 7-இல் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். ஆனால் வாங்கிய பிறகு வாங்கியவரே சோதித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயமல்ல. பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் சிஎன்சி செட் வாங்க டெண்டர் எழுதும்போது ‘பிகே12 கட்டை’ என்று நிறுத்தாமல் பேரிங் எண், தொடுகோணம், ஜோடி வகை, ப்ரீலோடு நான்கையும் எழுதலாம். விற்பவரும் அதே நான்கைத் தன் பட்டியலில் போடலாம். விலை ஏறிவிடும் என்று அவர் சொல்வாரானால், ஏறாது, எழுதுவதற்குச் செலவில்லை. 6001 போட்டு விற்பதிலும் தவறில்லை. மரம் செதுக்குகிறவர் அதைத் தெரிந்தே, அதற்குரிய விலைக்கு வாங்கிக்கொள்வார்.